கொண்ட பொருளும் கொடுத்த பணமும்

கடைகளிலே தரப்படும் பற்றுச்சீட்டின் அடியில், சிறிய எழுத்தில், ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்பதே அது. வவுனியா நகரத்துக் கடைத்தெருவிலும், கிளிநொச்சியில் கண்டி வீதியின் இரு மருங்கிலும், முல்லைத்தீவிலும் கைத்தொலைபேசிகளும் தொலைக்காட்சிப் பெட்டிகளும் விற்கும் கடைகள் இன்று மலிந்துள்ளன. வாங்கிய பொருள் மறுநாளே பழுதுபட்டாலும், அந்த ஒரு வரியைக் கல்வெட்டு என்று எண்ணி, வாய் திறவாது இருந்துவிடுவோர் நம்மிடையே அநேகர். அவ்வரி எங்கிருந்து வந்தது? அதற்கு உண்மையில் எவ்வளவு வலிமை உண்டு? இவ்வினாக்களுக்கு விடை காணச் சற்றே வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

பொருளைத் திருப்பிக் கொடுக்க விரும்புவோனுக்கு இரண்டில் ஒரு காரணம் இருக்கும். ஒன்று, பொருளிலே குற்றம் இருத்தல். மற்றொன்று, பொருள் செவ்வனே இருந்தும், வாங்கியவன் மனம் மாறுதல். இவ்விரண்டையும் பிரித்தறிந்தால் இத்துறையின் வரலாறு முழுவதும் எளிதில் விளங்கும்.

பண்டைய இந்திய அறநூலார் இவ்விரண்டையும் கருத்திற் கொண்டனர். வாங்கியோ விற்றோ பின்னர் மனம் வருந்துபவன் பத்து நாளுக்குள் அதனை மாற்றிக்கொள்ளலாம் என்பது மனுநூலின் விதி. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இக்காலத்தை ஆளுக்கேற்ப வகுத்தது. வணிகருக்கு ஓர் இரவு, உழவருக்கு மூன்று இரவு, ஆநிரை காப்போருக்கு ஐந்து இரவு என்பது அதன் கணக்கு. யாஞ்ஞவல்கியர் நூலோ பொருளுக்கேற்பச் சோதனைக் காலத்தை வகுத்தது. இரும்புக்கு ஒரு நாள், கறவைக்கு மூன்று நாள், சுமை சுமக்கும் விலங்குக்கு ஐந்து நாள், மணிகளுக்கு ஏழு நாள், விதைக்குப் பத்து நாள் என்பன அவற்றுட் சில. இக்கணக்கின் நுட்பத்தை வன்னி உழவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விதையின் குற்றம் கடையிலே தெரியாது, முளைக்கும்போதுதான் தெரியும். பசுவின் குற்றம் இரண்டொரு முறை கறந்தால் தெரிந்துவிடும். பொருளின் குற்றம் வெளிப்பட எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் வாங்கியவனுக்கு உரியவை என்பதே அந்நூலார் கண்ட நியாயம்.

மேற்றிசையில் உரோமாபுரியில், சந்தைகளை மேற்பார்வை செய்த அதிகாரிகள் இதுபோன்றதொரு கட்டளையைப் பிறப்பித்தனர். அடிமைகளையும் கால்நடைகளையும் விற்போர், அவற்றின் நோயையும் குறையையும் முன்கூட்டியே வெளிப்படுத்தல் வேண்டும். மனிதரையும் சந்தைப் பொருளாக்கிய கொடிய காலம் அது; எனினும் விற்பனை பற்றிய அந்த விதி பின்வந்த சட்டங்களுக்கெல்லாம் வித்தாயிற்று. மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், வாங்கியவன் ஆறு மாதத்துள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் விலைக்குறைப்புக் கேட்கலாம். 'எனக்கே அந்தக் குறை தெரியாது' என்று விற்றவன் சொல்லித் தப்ப முடியாது. ஆனால் மனம் மாறியவனுக்கு இக்கட்டளை இடங்கொடுக்கவில்லை.

இந்த உரோமச் சட்டத்தைத் தம் நாட்டு வழக்கோடு இணைத்துக்கொண்ட ஒல்லாந்தர், 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். வன்னிமைகளிலிருந்து அவர்களுக்குத் திறையாக யானைகள் சென்றன. இந்தியக் கரைகளிலிருந்து வந்த வணிகர் அவற்றை விலைபேசி வாங்கி, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றினர். கப்பலேறிய யானையை, குறை கண்டபின் மீளக் கொண்டுவருவது எளிதோ? வாங்குமுன் அடிமுதல் முடிவரை நோக்குவதே அவ்வணிகருக்கு இருந்த பெரும் பாதுகாப்பு எனலாம். தொலைவு கூடக்கூடத் திருப்பிக் கொடுக்கும் உரிமை மெலிந்துபோகும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

இங்கிலாந்திலோ காற்று வேறு திசையில் வீசிற்று. 'வாங்குவோனே, விழிப்பாயிரு' என்பதே அந்நாட்டு நீதிமன்றங்களின் கோட்பாடு. 1603ஆம் ஆண்டில் தீர்ப்பான வழக்கொன்று சட்டம் பயில்வோர் யாவரும் அறிந்தது. விலங்கின் வயிற்றிலே உண்டாகும் ஒருவகைக் கல்லை நஞ்சு முறிக்கும் அருமருந்து என அக்காலத்தார் நம்பினர். பொற்கொல்லர் ஒருவர் ஒரு கல்லை அத்தகையது என்று கூறி 100 பவுணுக்கு விற்றார். அது போலி என்று வாங்கியவர் வழக்காடினார். 'அத்தகையது என்று கூறினாரேயன்றி, உத்தரவாதம் அளிக்கிறேன் என்று சொல்லவில்லையே' என்று கூறி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிற்று! இன்று ஒரு கைத்தொலைபேசியோடு தரப்படும் உத்தரவாத அட்டை எதற்காக என்று கேட்பவர்க்கு அந்தக் கல்லின் கதையே விடை.

தொழிற்சாலைகள் பெருகி, பெட்டியைப் பிரித்துப் பார்த்தாலும் குறை தெரியாத பொருள்கள் சந்தைக்கு வந்தபோது, இக்கோட்பாடு தளர்ந்தது. 1893இல் இங்கிலாந்தில் பொருள் விற்பனைச் சட்டம் தொகுக்கப்பட்டது. அதனைத் தழுவி இலங்கையில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் பிரித்தானியர் காத்துவந்த உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் இடத்தை, அசையும் பொருள்களின் விற்பனையைப் பொறுத்தவரை, இது பெற்றது. அத்தொழிலையே செய்யும் வணிகரிடம் பொருளின் பெயரும் வகையும் குறித்து வாங்கும்போது, அது விற்பனைக்குத் தகுந்த தரமுடையதாய் இருத்தல் வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் சொல்லாவிட்டாலும், ஒப்பந்தத்தினுள் அடங்கிய நிபந்தனையாயிற்று. எனினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பொருளை ஏற்றுக்கொண்டவன் அதனை மறுக்கும் உரிமையை இழந்து, நட்டஈடு மட்டுமே கேட்க நேரிடும். நெடுநாள் பேசாது வைத்திருப்பதும் ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமாகக் கொள்ளப்படும். ஆகவே காலந்தாழ்த்துவது வாங்கியவனுக்கே பகை.

மனமாற்றம் என்னும் மற்றைக் காரணம் என்னவாயிற்று? அதனை மீண்டும் உயிர்ப்பித்தது சட்டமன்று, வணிகம். அமெரிக்காவில் 1872இல் தபால்மூல வாணிகம் தொடங்கிய மொன்ற்கொமரி வார்ட் நிறுவனம், 1875இல், 'மனநிறைவு இல்லையேல் பணம் மீளத் தரப்படும்' என்று அறிவித்தது. கண்ணாற் காணாத பொருளுக்குத் தொலைதூரக் குடியானவன் பணம் அனுப்ப வேண்டுமாயின் அவன் அச்சத்தைப் போக்க வேண்டுமல்லவா? நெடுங்காலத்தின் பின் அதனை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே ஆக்கிற்று. 2011ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி, இணையவழியாக வாங்கியவர் பெரும்பாலான பொருள்களைக் காரணம் கூறாமலே 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மனுநூலின் பத்து நாளுக்கும் இதற்கும் இடையே நான்கு நாளே வேறுபாடு!

இனி நம் நிலத்துக்கு வருவோம். 1990இன் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடை வன்னியை அழுத்தியபோது, பற்றரி முதலிய பல பொருள்கள் தடை செய்யப்பட்டன. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நாட்களை இன்று என் குரலைக் கேட்போர் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். அக்காலத்தில் ஒரு பொருள் கிடைப்பதே பெரும்பேறு. பற்றுச்சீட்டு ஏது, உத்தரவாதம் ஏது? கிடைத்ததை ஏற்பதும், கெட்டதைத் தாமே திருத்துவதும், திருந்தாததை வேறொன்றுக்கு உறுப்பாக்குவதும் மக்களின் இயல்பாயிற்று. அவ்வியல்பு போற்றுதற்குரியதே. ஆயினும், 2009இன் பின் வீதிகள் திறந்து, மின்சாரம் வந்து, கடைகள் பெருகிய காலத்திலும் 'நம் தலையெழுத்து' என்று பழுதை ஏற்றுக்கொள்வது முறையாகாது. பற்றுச்சீட்டுக் கேட்பது கடைக்காரரை நம்பாதது போலாகும் என்று கூசுவோரும் உளர். நேர்மையான வணிகர் சீட்டை மனமுவந்து தருவர். அது அவருக்கும் சாட்சி.

2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. நெல் விற்ற பணத்திலும், நகை அடகு வைத்த பணத்திலும், கடல் கடந்த உறவினர் அனுப்பிய பணத்திலும் பெற்றோர் அக்கருவிகளை வாங்கினர். அத்தகைய கருவி ஒரு வாரத்தில் பழுதானால் இழப்பது பணத்தை மட்டுமன்று. ஒரு பிள்ளையின் தவணைப் பாடத்தையுமே.

அவர்களுக்குத் துணையாக நாட்டின் சட்டம் இருக்கவே செய்கிறது. 1979ஆம் ஆண்டின் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தினால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை அமைக்கப்பட்டது. கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வணிகரின் கடமை. சொல்லாலோ, எழுத்தாலோ, உட்கிடையாகவோ அளிக்கப்பட்ட உத்தரவாதத்துக்கு மாறான பொருள் விற்கப்பட்டால், சபையிடம் முறையிடலாம். விசாரணையின் பின் நட்டஈடு வழங்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ சபை கட்டளையிடலாம். முறைப்பாடு எழுத்தில் இருத்தல் வேண்டும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் சேர்தல் வேண்டும். 1977 என்னும் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு வரம்பிடும் சட்டமும் 1997 முதல் உண்டு. ஆகவே, சீட்டின் அடியிலுள்ள அந்த ஒரு வரி, வாங்கியவர் மனம் மாறி வந்தால் அவரைத் தடுக்கும். நம் நாட்டில் மனமாற்றத்துக்குப் பொதுவான சட்ட உரிமை இல்லை. அது கடைக்காரரின் பெருந்தன்மையைப் பொறுத்தது. ஆனால் பொருளிலே குற்றம் இருந்தால், அவ்வரியே முடிந்த முடிபு அன்று.

கைத்தொலைபேசி வாங்குவோர் மற்றொன்றும் செய்யலாம். அதன் 15 இலக்க அடையாள எண்ணை, ஐ.எம்.ஈ.ஐ. என்னும் எழுத்துகளை முன்னிட்டு, 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அது உள்ளதா என்பது தெரியவரும். உறவினர் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் கருவிக்கு வாங்கிய நாட்டின் சட்டமே துணை. பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் மறுத்து முழுப்பணத்தையும் பெறலாம். அவ்வுரிமை வாங்கியவருடையது, ஆதலால் சீட்டை எறிந்துவிடாது வைத்திருக்கும்படி அவருக்கு எழுதுங்கள்.

இறுதியாக, உருவமே இல்லாத பொருள்கள். செயலி, விளையாட்டு, பாட்டு முதலியன பணங்கொடுத்து இறக்கப்படுகின்றன. அவற்றை எதைக் கொண்டு திருப்பிக் கொடுப்பது? நகல் வாங்கியவரிடமே தங்கிவிடுமே என்பது விற்போரின் அச்சம். இதனாலேதான், வாங்குவோர் இசைவோடு இறக்கம் தொடங்கியவுடன் 14 நாள் உரிமை நீங்கும் என்று ஐரோப்பிய விதியும் கூறுகிறது. நிறுவனங்கள் தாமே வேறு அளவைகளை வகுத்துள்ளன. விளையாட்டுகள் விற்கும் ஸ்டீம் நிறுவனம், வாங்கி 14 நாளுக்குள்ளும் ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாகவும் இருப்பின் பணத்தை மீளத் தரும் என்று 2015இல் விதித்தது. கறவையைக் கறந்து பார்க்க மூன்று நாள் கொடுத்த அதே நியாயந்தான் இது. இங்கே மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. மின்னஞ்சலாக வரும் சீட்டும் சான்றாகும் என்பதற்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இடமளிக்கிறது. பணம் செலுத்தியதும் வரும் அச்செய்தியை அழித்துவிடாதீர்கள்.

நேயர்களே, ஓர் இரவு, பத்து நாள், ஆறு மாதம் என்று காலந்தோறும் அளவு மாறிவந்துள்ளது. ஆயினும், குற்றம் தெரியவரும் நேரம் வாங்கியவருக்கு உரியது என்னும் நியாயம் மாறவில்லை. அந்நேரம் கடந்துபோகுமுன் பேசுபவருக்கே அது பயன் தரும். ஆதலின், வீட்டிலே பழுதான கருவி ஏதும் இருந்தால், இன்றே பற்றுச்சீட்டைத் தேடி எடுங்கள். அதிலுள்ள திகதியிலிருந்து நாட்களை எண்ணுங்கள். மூன்று மாதம் ஆகவில்லையாயின், முதலிற் கடைக்காரரிடம் பண்போடு கேளுங்கள். பயன் இல்லையேல் எழுதுங்கள்.