மூட்டுகளின் வரலாறு: ஐதராபாத்தின் குடிநீர்க் கட்டுமானங்கள்

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு கரைமீறி ஐதராபாத்தைச் சூறையாடியது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மறு ஆண்டு நிஜாம் அரசின் அழைப்பில் வந்த பொறியாளர் விசுவேசுவரய்யா, நகருக்கு மேலே நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தைத் தடுக்கப் பரிந்துரைத்தார். அவ்வழியில் மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இலும், அதன் துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927இலும் எழுந்தன. வெள்ளத்துக்கு அஞ்சிக் கட்டிய அணைகளே நகரின் தாகத்தையும் தீர்த்தன.

அணை கட்டியவர் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. அந்நீரைக் கசியாமல் காத்தவர்களைப் பற்றி அது பேசுவதில்லை. நீர்க் கட்டுமானம் பெரும்பாலும் நலிவது அதன் மூட்டுகளில்தான்.

பழைய பொறியாளர்கள் இதை அறிந்திருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மீர் ஆலம் ஏரியின் அணை, வரிசையாக நிற்கும் 21 வளைவுகளால் ஆனது. வளைவுகளின் புடைத்த முகம் நீரை நோக்கி இருக்கிறது. ஆகவே நீர் அழுத்த அழுத்தக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கும், மூட்டுகள் இறுகும். சுண்ணாம்புக் காரைக்கும் ஒரு குணம் உண்டு: நீரில் கரைந்த சுண்ணாம்பு மயிரிழை வெடிப்புகளில் மீண்டும் படிந்து அவற்றை ஓரளவு தானே அடைக்கும்.

1965 முதல் மஞ்சீரா நீரும், பின்னர் கிருஷ்ணா நீரும் நகருக்கு வந்தன. சுத்திகரிப்பு நிலையங்களும் கான்கிரீட் தொட்டிகளும் பெருகின. கான்கிரீட் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். எனவே பெரிய தொட்டிகளில் வேண்டுமென்றே இடைவெளி விட்டு, நடுவே நீர்த்தடுப்புப் பட்டை பதிக்கிறார்கள். பட்டை கிழிந்தாலோ, அதைச் சுற்றிக் கான்கிரீட் சரியாக இறுகாமல் போனாலோ கசிவு தொடங்கும், கம்பி துருப்பிடிக்கும். கசிவு ஒருவழிப் பாதையும் அன்று. தொட்டி காலியாகும்போது, நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருந்தால், சுற்றியுள்ள மாசுநீர் அதே வழியாக உள்ளே புகும்.

செப்பனிட இரு வழிகள் உண்டு. வெளிப்புறத்திலிருந்து சாய்வாகத் துளையிட்டு, நீர் பட்டதும் நுரைத்து விரியும் பாலியூரிதேன் பிசினைச் செலுத்தலாம். தொட்டி இயங்கிக்கொண்டிருக்கும்போதே இது முடியும். மற்றொன்று, தொட்டியை வடித்து உட்புறம் அடைப்பது. அப்போது நீரின் அழுத்தமே அடைப்பைச் சுவரோடு அணைத்துப் பிடிக்கும். அதுவே நீடித்த தீர்வு. ஆயினும் அத்தனை நாளும் அத்தொட்டியை நம்பிய தெருக்களில் குழாய் வறண்டிருக்கும்.

மீர் ஆலம் அணையில் கட்டும்போதே கிடைத்த வசதியைப் பிற்காலத் தலைமுறை பழுதுபார்க்கும்போது விலைகொடுத்துப் பெறவேண்டியிருக்கிறது. மாற்றுத்தொட்டி உள்ள நிலையமே அவ்விலையைத் தாங்கும். இல்லாத இடத்தில் பழுது தள்ளிப்போகும். தள்ளிப்போகும் ஒவ்வோர் ஆண்டும் துரு ஆழமாகும். புதிய நிலையத்துக்குத் திட்டமிடும்போதே, அதை ஒருநாள் வடிக்க நேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.