ரவீந்திரநாதன் நாயர், கே. (1933–2023)

கே. ரவீந்திரநாதன் நாயர், கேரளத்தின் கொல்லம் நகரைச் சேர்ந்த முந்திரி ஏற்றுமதியாளர். ஜெனரல் பிக்சர்ஸ் என்னும் தம் நிறுவனத்தின் வழியே 1967 முதல் 1993 வரை 14 மலையாளப் படங்களைத் தயாரித்தவர். ஜி. அரவிந்தன், அடூர் கோபாலகிருஷ்ணன் ஆகிய இருவரின் முதன்மையான படைப்புகள் பலவற்றுக்கு மூலதனம் அளித்த இவர், இந்தியச் சுயாதீனத் தயாரிப்பாளர்களுள் முன்னோடியாகப் போற்றப்படுகிறார்.

பின்புலம்

ஸ்டுடியோ முதலாளியின் ஆதரவையோ விநியோகஸ்தர் தரும் முன்பணத்தையோ சாராமல், தாமே முதல் திரட்டிப் படத்தின் ஆக்கத்துக்கும் உரிமைக்கும் பொறுப்பேற்பவர் சுயாதீனத் தயாரிப்பாளர் எனப்படுகிறார். நாயர் இத்துறைக்கு வந்த காலத்தில் ஆலப்புழையின் உதயா, திருவனந்தபுரத்தின் மெரிலாண்ட் ஆகிய ஸ்டுடியோக்கள் மலையாளப் படத்தொழிலில் செல்வாக்குடன் விளங்கின. ஏனைய தயாரிப்புப் பணிகளில் பெரும்பகுதி சென்னையின் படப்பிடிப்புத் தளங்களையும் லேப்களையும் நம்பியிருந்தது. விஜயலட்சுமி என்ற குடும்ப முந்திரி நிறுவனத்தின் வருவாய் நிலையாக இருந்தமையால், வாழ்க்கைச் செலவுக்குப் படவசூலை எதிர்பார்க்க வேண்டாத நிலையிலேயே நாயர் தயாரிப்பில் இறங்கினார் என்பது அவரது பிற்காலத் துணிவை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது.

தொடக்கக் காலம் (1967–1973)

பாறப்புறத்தின் கதையைக் கொண்டு பி. பாஸ்கரன் இயக்கிய ‘அன்வேஷிச்சு கண்டெத்தியில்ல’ (1967) இவரது முதல் படமாகும். சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. அதே இயக்குநரைக் கொண்டு ‘லட்சப்பிரபு’ (1968), ‘காட்டுக்குரங்கு’ (1969) ஆகியவற்றை எடுத்தபின், தமிழ்த் திரையில் ‘காதலிக்க நேரமில்லை’ முதலிய படங்களின் ஒளிப்பதிவால் அறியப்பட்ட ஏ. வின்சென்டின் இயக்கத்தில் ‘அச்சாணி’ (1973) என்ற படத்தைத் தயாரித்தார். அப்படம் பெருவெற்றி பெற்றதால் ‘அச்சாணி ரவி’ என்ற பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. அதில் கிடைத்த இலாபத்தை அவர் கொல்லம் பொது நூலகம் கட்டுவதற்குச் செலவிட்டார்.

அரவிந்தனும் அடூரும்

வசூல் வெற்றிக்குப் பின் அதே வகைப் படங்களைத் தொடர்வதே தயாரிப்புத் தொழிலின் இயல்பு. நாயரோ நான்காண்டு இடைவெளிக்குப் பின், கார்ட்டூன் ஓவியராகப் புகழ்பெற்று அதுவரை ஒரே படத்தை இயக்கியிருந்த அரவிந்தனிடம் ‘காஞ்சனசீதா’வை (1977) ஒப்படைத்தார். சி. என். ஸ்ரீகண்டன் நாயரின் நாடகத்தைத் தழுவிய அப்படத்தில் இராமனாகவும் இலக்குவனாகவும் ஆந்திரத்தின் செஞ்சுப் பழங்குடியினர் நடித்தனர். சீதை மனித உருவில் தோன்றாமல் இயற்கையின் அசைவுகளாகவே உணர்த்தப்பட்டாள். நட்சத்திரங்களோ பாடற்காட்சிகளோ இல்லாத இத்தகைய முயற்சிக்கு வணிகக் கணக்கில் இடமில்லை என்பதை அறிந்தே, உண்மையான சர்க்கஸ் கலைஞர்களைக் கொண்ட ‘தம்பு’ (1978), ‘கும்மாட்டி’ (1979), ‘எஸ்தப்பான்’ (1979), ‘போக்குவெயில்’ (1981) ஆகிய நான்கையும் அவர் தொடர்ந்து தயாரித்தார். ‘காஞ்சனசீதா’வும் ‘தம்பு’வும் அரவிந்தனுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தன.

அடூரின் முதல் படம் திரைப்பட நிதிக் கழகத்தின் கடனுதவியோடு சித்ரலேகா கூட்டுறவுச் சங்கத்தால் எடுக்கப்பட்டது. அவரது முதல் வண்ணப்படமான ‘எலிப்பத்தாயம்’ (1981) ஜெனரல் பிக்சர்ஸின் தயாரிப்பில் உருவாகி, 1982இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் சதர்லாண்ட் கோப்பையை வென்றது. ‘முகாமுகம்’ (1984), ‘அனந்தரம்’ (1987), மம்மூட்டி நடித்த ‘விதேயன்’ (1993) ஆகியன அதனைத் தொடர்ந்தன. இவற்றுக்கிடையே எழுத்தாளர் எம். டி. வாசுதேவன் நாயர் தம் நாவலைத் தாமே இயக்கிய ‘மஞ்சு’ (1983) படத்தையும் நாயர் தயாரித்தார்.

தயாரிப்பு முறை

இயக்குநரைத் தேர்ந்தெடுப்பதோடு தம் கலைத் தீர்ப்பு நிறைவுறுவதாகக் கருதிய நாயர், கதையிலோ நடிகர் தேர்விலோ படத்தொகுப்பிலோ தலையிடுவதைத் தவிர்த்தார். வெளிப்பணத்தில் எடுக்கப்படும் படத்தில், முன்பணம் தந்தவர்களின் எதிர்பார்ப்பு திரைக்கதையை மாற்றும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறது. சொந்த முதலையே இட்டதால் அந்த அழுத்தம் இயக்குநரை எட்டாதவாறு அவரால் காக்க முடிந்தது. ஒரே இயக்குநரோடு பல படங்களுக்குத் தொடர்ந்து நின்றதும், ஒரு படத்தின் வசூலைக் கொண்டு அடுத்த படத்தைத் தீர்மானிக்காததும் இம்முறையின் சிறப்புக் கூறுகள். ஒரு தனிமனிதரின் செல்வத்தையும் மனவிரிவையும் சார்ந்திருந்தமையே இதன் எல்லையாகவும் அமைந்தது; கூட்டுறவுச் சங்கமோ அரசுக் கழகமோ போலப் பிறர் தொடரத்தக்க அமைப்பாக அது வளரவில்லை.

பிற்காலமும் மதிப்பீடும்

திரைத்துறை வாழ்நாள் பங்களிப்புக்காகக் கேரள அரசு வழங்கும் ஜே. சி. டேனியல் விருது 2008ஆம் ஆண்டுக்கு இவருக்கு அளிக்கப்பட்டது. இவர் தயாரித்த படங்களுள் ‘கும்மாட்டி’ 2021இலும் ‘தம்பு’ 2022இலும் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனின் முயற்சியால் மீட்டெடுக்கப்பட்டன. சென்னைப் பிரசாத் நிறுவனமும் பங்கேற்று மீட்ட ‘தம்பு’, கான் விழாவின் செவ்வியல் படப் பிரிவில் திரையிடப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை 8 அன்று, தம் 90ஆம் வயதில், நாயர் கொல்லத்தில் காலமானார். ஐந்து இயக்குநர்களோடு முடிந்த இவரது தயாரிப்புப் பணி எண்ணிக்கையில் சிறிதாயினும், இயக்குநரின் சுதந்திரத்துக்கு உண்மையான ஈடு அதற்காக ஒருவர் ஏற்கும் பண இழப்பே என்பதைச் செயலில் நிறுவிய வகையில், இந்தியத் திரைப்பட வரலாற்றில் நிலைத்த இடம் பெறுகிறது.