வீதியும் வலயச் சட்டமும்: குரிற்றிபா நகர வளர்ச்சி பற்றிய ஒரு நோக்கு

நகரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கோட்டைகளையும் மாளிகைகளையும் சந்தைகளையும் பற்றி விரித்துரைப்பர். எக்காணியில் எத்தனை மாடிகள் எழலாம், எங்கே கடை வைக்கலாம், எங்கே குடியிருக்கலாம் என வரையறுக்கும் வலயச் சட்டங்கள் அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்ப்பதில்லை. எனினும், இருபதாம் நூற்றாண்டு நகரங்களின் உருவத்தை நிர்ணயித்த காரணிகளுள் இச்சட்டங்களுக்குப் பெரும் பங்குண்டு. தென் பிரேசிலில் பரானா மாநிலத்தின் தலைநகராக விளங்கும் குரிற்றிபா இதற்குத் தக்க சான்றாகும்.

1943ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான அல்பிரெட் அகாஷ் இந்நகருக்கு ஒரு திட்டம் வகுத்தார். மையத்திலிருந்து விரியும் வீதிகளும், மையத்தைச் சூழ்ந்து செல்லும் வட்ட வீதிகளும் அதன் அடிப்படை. நிதிப் பற்றாக்குறையினால் அதன் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றுவிட்டது. நகரமோ காத்திருக்கவில்லை. 1950இல் ஏறத்தாழ 1.8 இலட்சமாக இருந்த சனத்தொகை, 1970இல் 6 இலட்சத்தைத் தாண்டியது.

இந்நிலையில், ஜோர்ஜ் வில்ஹைம் என்னும் கட்டடக் கலைஞரின் பங்களிப்புடன் வகுக்கப்பட்ட புதிய திட்டம் 1966இல் சட்டமாயிற்று. அதனைப் பேணி வளர்ப்பதற்கென 1965இலேயே நகர ஆய்வு, திட்டமிடல் நிறுவனமொன்று தோற்றுவிக்கப்பட்டிருந்தது. நகரம் எல்லாத் திசைகளிலும் வட்டமாகப் பரவுவதைத் தவிர்த்து, குறிப்பிட்ட சில அச்சு வீதிகள் வழியே நீண்டு வளரச் செய்தல் வேண்டும் என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடியாகும்.

அவ்வச்சுகளின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. நடுவீதியின் மத்தியில் பஸ்களுக்கென ஒதுக்கப்பட்ட இரு தடங்களும், அவற்றின் அருகே மெதுவாகச் செல்லும் வாகனங்களுக்கான பாதைகளும் உள்ளன. இருமருங்கிலும் ஒரு தெரு தள்ளி, நகர மையத்தை நோக்கிச் செல்லும் ஒருவழிப் பாதையொன்றும், மையத்திலிருந்து வெளியேறும் பாதையொன்றும் அமைந்தன. 1974இல் முதலாவது விரைவு பஸ் சேவை தொடங்கியது. மறு ஆண்டு இயற்றப்பட்ட வலயச் சட்டம், அச்சை ஒட்டிய காணிகளில் நிலப்பரப்பின் ஆறு மடங்கு வரையான தளப்பரப்பை எழுப்ப இடமளித்தது. அதாவது, ஆயிரம் சதுர மீற்றர் காணியில் ஆறாயிரம் சதுர மீற்றர் வரை கட்டலாம். கீழ்த்தளங்களில் கடைகளும் அலுவலகங்களும், மேல்மாடிகளில் வீடுகளும் அமைந்தன. அச்சிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கட்டடங்களின் உயரம் குறைக்கப்பட்டது.

இதன் பயன் தெளிவானது. மாடியிலிருந்து இறங்குபவர் கடைக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்தே சென்றார். பஸ்ஸுக்கும் வழிநெடுகப் பயணிகள் கிடைத்தனர். பல நகரங்களில் வீதி முதலிலும், கட்டடம் அடுத்தும், பஸ் இறுதியிலுமாக வந்தன. இங்கு இம்மூன்றும் ஒரே சிந்தனையிற் பிறந்தவை. 2000ஆம் ஆண்டில் கொலம்பியாவின் பொகோற்றா நகரம் குரிற்றிபாவின் பஸ் முறையைத் தழுவியபோது, நிலப்பயன்பாட்டுச் சட்டத்தை அதேயளவிற் பின்பற்றவில்லை என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இம்மாற்றம் எத்தகைய அரசியற் சூழலில் நிகழ்ந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. 1964இல் பிரேசிலில் இராணுவ ஆட்சி ஏற்பட்டது. 1971இல் மாநகர முதல்வரான ஜயிமே லேர்னர் மக்களால் தெரிவுசெய்யப்பட்டவரல்லர், நியமிக்கப்பட்டவர். 1972இல் நகரின் முக்கிய வணிக வீதியை நடப்போர்க்கு மட்டும் உரியதாக மாற்றியபோது, வணிகர் எதிர்ப்பு வலுப்பெறுமுன்னர் ஒரு வார இறுதியிலேயே வேலை முடிக்கப்பட்டது. வாதத்துக்கு இடமளிக்காத அவ்வேகம் நியமன ஆட்சியில் எளிதாயிற்று எனலாம். ஆயினும், 1988இல் மக்கள் வாக்களித்து அவரையே மீண்டும் முதல்வராக்கினர் என்பதும் வரலாறே.

இத்திட்டத்தின் குறைபாடு வேறிடத்தில் உள்ளது. அச்சை ஒட்டிய காணிகளின் பெறுமதி உயர்ந்தது. மாடிவீடுகளில் வசதி படைத்தோர் குடியேற, வறியோர் நகரின் விளிம்புக்கும் அயற் பட்டினங்களுக்கும் ஒதுங்கினர். 1980இல் கொண்டுவரப்பட்ட ஒரே கட்டண முறை இவ்விடரை ஓரளவு தணித்தது. அருகில் இறங்குபவரும் தொலைவில் இறங்குபவரும் ஒரே தொகையைச் செலுத்தியமையால், குறுந்தூரப் பயணி நெடுந்தூரப் பயணியின் செலவிற் பங்கேற்றார். எனினும், கட்டணம் குறைந்ததேயன்றி வீட்டுக்கும் வேலைக்கும் இடைப்பட்ட தூரம் குறையவில்லை. நிலையத்தின் அருகே வாழ்ந்தோர் பலர் கார் வைத்திருக்க, பஸ்ஸையே நம்பியிருந்தோர் தொலைவில் வாழ நேர்ந்தது.

நடந்து செல்லத்தக்க வீதியொன்றைச் சட்டத்தின் துணைகொண்டு உருவாக்கலாம் என்பதைக் குரிற்றிபா நிறுவியது. கட்டடத்தின் உயரத்தையும், கடையின் இடத்தையும், பஸ்ஸின் தடத்தையும் அச்சட்டம் வரையறுத்தது. அவ்வீதியில் யார் குடியிருப்பர் என்பதை மட்டும் சந்தையின் கையில் விட்டுவிட்டது. பின்வரும் நகரங்கள் இவ்வரலாற்றிலிருந்து கற்கவேண்டிய பாடம் அதுவேயாகும்.