வந்து எடுத்துக்கொள்!

சில சொற்கள் பிறந்த மண் ஒன்று. அவை வாழும் மண் வேறொன்று. அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்போருள் பலர் தம் கொடிகளிலும் சட்டைகளிலும் வாகனங்களிலும் பொறித்துக்கொள்ளும் ‘மொலோன் லபே’ என்னும் கிரேக்கத் தொடர் அத்தகையது. ஆயுதம் வைத்திருக்கும் தம் உரிமைக்கு, 1791ஆம் ஆண்டு நிறைவேறிய அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தை அவர்கள் சான்று காட்டுவர். அரசு ஆயுதத்தைப் பறிக்க முன்வந்தால் இதுவே எங்கள் மறுமொழி என்பர். அம்மறுமொழியை முதலில் கூறியவன் யார்? எந்நிலையில் கூறினான்? இதனைச் சற்றே ஆராய்வோம்.

கி.மு. 480ஆம் ஆண்டு. பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் பெரும்படையுடன் கிரேக்கத்தின்மீது படையெடுத்து வந்தான். மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த தெர்மோபிலே கணவாயில் ஸ்பார்ட்டா மன்னன் லியோனிதாஸ் அவனை வழிமறித்து நின்றான். ஆயுதங்களை அனுப்பிவிடும்படி பேரரசன் எழுதினான் என்றும், ‘மொலோன் லபே’ என்னும் இரண்டே சொற்களில் மன்னன் விடை எழுதினான் என்றும் கூறுவர்.

‘மொலோன்’ என்பது நம் ‘வந்து’ என்னும் எச்சத்தைப் போன்றது. ‘லபே’ என்பது ‘எடுத்துக்கொள்’ என்னும் ஏவல். ஆங்கிலத்தார் இதனை ‘வா’, ‘எடு’ என இரண்டு ஏவல்களாக்கி, இடையே ஓர் இணைப்புச் சொல்லையும் சேர்க்கின்றனர். தமிழிலோ அதன் அமைப்பு மாறாமல் ‘வந்து எடுத்துக்கொள்’ என்றே சொல்லிவிடலாம்.

ஆனால், இந்த விடை உண்மையிலேயே எழுதப்பட்டதா? போர் நிகழ்ந்த நூற்றாண்டிலேயே அதன் வரலாற்றை விரிவாக எழுதிய ஹெரோடோட்டஸ் இதனைக் குறிப்பிடவில்லை. இதனை நமக்குத் தருபவர் புளூட்டார்க். ஸ்பார்ட்டா மக்களின் கூற்றுகளைத் திரட்டிய நூலில் இது இடம்பெறுகிறது. அவரோ போருக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் பிற்பட்டவர். ஆகவே, இதனை லியோனிதாசின் வாய்மொழி என்று உறுதியாகக் கொள்வதைவிட, அவன் பெயரால் வழங்கிய மொழி என்று கொள்வதே முறையாகும்.

போரின் முடிவை நாம் அறிவோம். எபியால்ட்டிஸ் என்பவன் காட்டிக்கொடுத்த மலைப்பாதை வழியே பாரசீகர் பின்புறம் வந்து சூழ்ந்தனர். லியோனிதாசும் அவனுடைய 300 ஸ்பார்ட்டா வீரர் படையும் மாண்டன. தெஸ்பியே நகரத்தார் 700 பேரும் விலகிச் செல்ல மறுத்து உடன் நின்று மடிந்தனர். உலகம் 300 பேரை நினைவில் கொண்டது. 700 பேரை மறந்தது! 1955ஆம் ஆண்டு தெர்மோபிலேயில் எழுப்பப்பெற்ற லியோனிதாஸ் நினைவுச் சின்னத்தில் அவ்விரு சொற்களும் பொறிக்கப்பட்டன. தெஸ்பியே வீரர்க்கு அங்கு நினைவுச் சின்னம் எழுந்தது 1997இல்தான்.

அமெரிக்க மண்ணிலும் இதனையொத்த மொழி முன்னரே ஒலித்ததுண்டு. 1835ஆம் ஆண்டு டெக்சாஸின் கொன்சாலஸ் என்னும் ஊரில் குடியேறியோர்க்கு முன்பு வழங்கியிருந்த சிறு பீரங்கியை மெக்சிகோப் படையினர் திருப்பிக் கேட்டனர். ஊரார் அதன் உருவைக் கொடியில் தீட்டி, ‘வந்து எடுத்துக்கொள்’ என ஆங்கிலத்தில் எழுதி உயர்த்தினர்.

இனி நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. லியோனிதாஸ் தன் அரசை எதிர்த்து நின்ற தனிக்குடிமகன் அல்லன். அரசின் மன்னன், படைத்தலைவன். அவன் எதிர்த்தது அயலார் படையெடுப்பை. அவனது நாட்டிலோ, ஹெலட்டுகள் எனப்பட்ட அடிமை மக்கள் வயல்களில் உழைத்து ஸ்பார்ட்டா வீரர்க்கு உணவளித்தனர். ஆண்டுதோறும் பதவியேற்ற அதிகாரிகள் அம்மக்கள்மீதே போர் அறிவித்தனர் என்று அரிஸ்டாட்டிலைச் சான்று காட்டி எழுதியவரும் அதே புளூட்டார்க்தான். ஆயுதம் சிலரது கையிலும், அச்சம் பலரது நெஞ்சிலும் இருந்த நாடு அது.

இதனால் அவ்வீரர்களின் துணிவு குறைந்துவிடாது. துப்பாக்கி உரிமை பற்றிய வழக்கும் இதனால் தீர்ந்துவிடாது. அதனை அந்நாட்டார் தம் சட்டத்தையும் தம் வாழ்வையும் கொண்டே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும், முன்னோர் மொழி ஒன்றைக் கொடியில் ஏற்றுவோர், அதனைச் சொன்னவனின் வீரத்தோடு அவன் நாட்டு ஹெலட்டின் கண்ணீரையும் அறிந்திருத்தல் நன்று. வரலாறு நமக்கு முழக்கங்களை மட்டும் தருவதில்லை. அவற்றின் விலையையும் சேர்த்தே தருகிறது.