இன்று சாப்பிடு, எட்டு நாளில் கொடு

பீட்சாவின் வரலாறு என்று யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு ராணிதான் வந்து நிற்பார். 1889இல் இத்தாலிய அரசி மார்கரித்தா நேப்பிள்ஸ் நகருக்கு வந்தார். ரஃபாயேலே எஸ்பொசித்தோ என்ற பீட்சாக்காரர் அவருக்கு மூன்று வகை பீட்சா செய்து கொடுத்தார். அதில் ஒன்று தக்காளிச் சிவப்பு, மொத்தரெல்லா வெள்ளை, பேசில் இலைப் பச்சை என இத்தாலியக் கொடி மாதிரியே இருந்ததால் அரசிக்குப் பிடித்துப்போய், அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கதை இவ்வளவுதான். நேப்பிள்ஸில் பிராந்தி என்ற கடையின் சுவரில் இதற்கு 1989இல் நூற்றாண்டுக் கல்வெட்டுகூடப் பதித்திருக்கிறார்கள். அரண்மனை அனுப்பியதாகச் சொல்லப்படும் நன்றிக் கடிதமும் அந்தக் கடையின் சொத்து.

சாக்கரி நோவாக் என்ற ஆய்வாளர் 2014இல் அந்தக் கடிதத்தைத் தோண்டிப் பார்த்தார். கையெழுத்தும் முத்திரையும் சந்தேகத்துக்குரியவை, 1930களில் கடையை நடத்தியவர்கள் வியாபாரத்துக்காகக் கதையை வளர்த்திருக்கலாம் என்று வாதிட்டார். கடிதம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அதில் கொடியும் இல்லை, மார்கரித்தா என்று பெயர் வைத்த சேதியும் இல்லை. மூன்று வகையும் மிக நன்றாக இருந்தன என்று ஒரு உபசார வரி மட்டும்தான்.

கதை பொய்யாகப் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பெரிய மனிதர் வந்து சாப்பிட்டுப் பாராட்டினால்தான் ஒரு கடை நல்ல கடை என்ற எண்ணம்தான் உறுத்துகிறது. கைப்பேசியில் நட்சத்திரங்களை எண்ணிவிட்டு நாம் கிளம்புவதும் அதே ராணி புத்திதான். நேப்பிள்ஸின் பேட்டைக் கடைகள் ராணியை நம்பிப் பிழைத்தவை அல்ல.

அங்கே ஏழைகள் இருந்தது பெரும்பாலும் ‘பாஸ்ஸி’ எனப்படும் தரைமட்ட ஒற்றை அறைகளில். கதவைத் திறந்தால் நேரே தெரு. நம் தோட்டத்து லயத்தை இன்னும் இறுக்கி, மேலே நாலைந்து மாடி கட்டிவிட்டது போலக் கற்பனை செய்துகொள்ளலாம். அடுப்படி என்று தனியாக ஒன்று கிடையாது. அதனால் சோறாக்குவதும் தெருவின் வேலையாக இருந்தது. பீட்சா விற்பவர்கள் தகரமோ செம்போ அடித்த பெட்டியைத் தலையில் வைத்துச் சந்து சந்தாகப் போனார்கள். காலைப் பசியாறலுக்கு ஒரு சல்லிக் காசுக்கு ஒரு துண்டு. பினோக்கியோவை எழுதிய கொல்லோதி இதைப் பார்த்து முகம் சுளித்தார். அழுக்கு விற்பவன் மேலும் இருக்கிறது, பண்டத்தின் மேலும் இருக்கிறது என்பது அவர் எழுதியதன் சாரம். வடக்கத்திக்காரருக்குத் தெற்குச் சாப்பாடு எப்போதுமே அப்படித்தான் போல.

இதற்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமா நேப்பிள்ஸ் போய்வந்து 1843இல் ஒரு பயணநூல் வெளியிட்டார். ஏழைகள் கோடையில் தர்பூசணியும் குளிரில் பீட்சாவும் தின்று உயிர் வாழ்கிறார்கள் என்றார். எந்தப் பீட்சா என்ன விலை என்று பார்த்தாலே அன்றைய சந்தை நிலவரம் தெரிந்துவிடும் என்றும் கவனித்தார். மீன் நிறைய வந்த நாளில் மீன் பீட்சா மலிவு. நல்ல கண்தான். ஆனால் ஓரிடத்தில் வழுக்கிவிட்டார். ‘எட்டுக்கு பீட்சா’ என்று சனங்கள் சொன்னதைக் கேட்டு, அது சுட்டு ஒரு வாரம் ஆன பழைய பீட்சா, வாங்க வக்கில்லாதவர்கள் தின்பது என்று எழுதிவைத்தார். அப்படியில்லை என்று பின்னால் நேப்பிள்ஸ்காரர்கள் திருத்தினார்கள். பீட்சா சூடானதுதான், பழையதாவது கணக்கு மட்டும். இன்று சாப்பிடு, எட்டு நாளில் காசு கொடு. இன்றையும் சேர்த்து எண்ணினால் எட்டு, நம் கணக்கில் ஒரு வாரம். வெளியூர்க்காரருக்குக் கடனில்லை. அதனால்தான் துமாவுக்கு அந்தச் சொல் புரியாமல் போயிருக்கும் என்பது என் ஊகம்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. உள்ளங்கை அளவு, அட்டையில் 555 என்று போட்ட நோட்டுப் புத்தகம், நம் அரிசி பருப்பு வரலாறு முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. தோட்டத்தில் இருந்தபோது என் பாட்டியிடமும் ஒன்று இருந்தது. சம்பள நாள் வரைக்கும் சாமான் எல்லாம் புத்தகத்தில். கடையில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு பிரதி. இரண்டும் எப்போதாவது ஒத்துப்போயிருக்கிறதா என்று ஒருமுறை கேட்டேன். “கணக்குக் கேட்டா அடுத்த மாசம் அரிசி வராதுய்யா” என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது சிரிக்கிற விசயமில்லை. ரொக்கக்காரருக்கு ஒரு விலை, புத்தகக்காரருக்கு ஒரு விலை. புத்தகத்தைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பப் பிள்ளைகள் வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் போய் நின்றால் கூச்சம்.

ஆகவே, கடன் கொடுத்த கடை அன்பான கடை என்று உருகிவிட நான் தயாரில்லை. நேப்பிள்ஸிலும் இதே கதைதான். மத்தில்தே செராவோ என்ற எழுத்தாளர் 1884இல், காலரா நகரத்தை அள்ளிக்கொண்டு போன ஆண்டில், ஏழைகளின் நேப்பிள்ஸ் பற்றி ஒரு நூல் எழுதினார். பீட்சா வருகிற அதே நூலில்தான் வட்டிக்காரிகளும் வருகிறார்கள். கடன் என்பது தெரிந்த முகத்துக்குக் கிடைக்கிற மரியாதை. அதே முகத்தின் கழுத்தில் விழுகிற கயிறும் அதுதான்.

செராவோ சொல்லும் இன்னொரு சம்பவத்தில்தான் எனக்கு மனம் நிற்கிறது. நேப்பிள்ஸ் வியாபாரி ஒருவர் ரோமில் நிறைய நேப்பிள்ஸ்காரர்கள் இருக்கிறார்களே என்று அங்கே பீட்சா கடை போட்டார். ஆரம்பத்தில் நல்ல கூட்டம். அப்புறம் கூட்டம் கரைந்தது, கடையும் நொடித்தது. ஊரை விட்டுப் பிடுங்கி நட்டதும் பீட்சா ஒட்டாமல் போய்விட்டது என்கிறார். மாவு அதேதான், அடுப்பும் அதேதான். ‘எட்டு நாளில் கொடு’ என்று நம்பிச் சொல்ல அங்கே ஒரு சந்து இல்லை, அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

பிற்பாடு பீட்சா உலகமெல்லாம் ஒட்டிக்கொண்டது வேறு கதை. நியூயார்க்கில் 1905இல் லொம்பார்டி கடையில் தொடங்கியது என்பார்கள், அதையும் ஆய்வாளர்கள் அசைத்துவிட்டார்கள். 1940களில் எரிவாயு அடுப்பு வந்தபின் அங்கே துண்டு பீட்சா கடைகள் பெருகின. இந்தப் பக்கம் நேப்பிள்ஸ்காரர்கள் 1984இல் சங்கம் வைத்து விதி எழுதினார்கள். விறகடுப்பு, 485 பாகை சூடு, 60இலிருந்து 90 விநாடி, விட்டம் 35 சென்டிமீட்டருக்குள். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் மரபுச் சிறப்புணவு என்று பதிந்தது. 2017இல் யுனெஸ்கோ பீட்சா சுடும் கலையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் சரிதான். ஆனால் அளக்க முடிந்ததைத்தானே விதியாக எழுத முடியும்!

எங்கள் தாமானின் கடைவரிசையில் நாலு மேசை போட்ட ஒரு பீட்சா கடை இருக்கிறது. எரிவாயு அடுப்பு, மேலே நெத்திலிச் சம்பல். சங்கத்து விதிப்படி பார்த்தால் வாசலிலேயே தோற்றுவிடும். மாவும், உண்மையைச் சொன்னால், சுமார்தான். டியூசன் முடிந்து வரும் பையன்களிடம் இரண்டு வெள்ளி குறைந்தால் கடைக்காரத் தம்பி “பரவால்ல, நாளைக்குக் குடு” என்கிறார். எழுதிவைப்பதில்லை. ஒருமுறை கேட்டேன். “எழுதுனா அவனுங்க வரமாட்டானுங்கண்ணே” என்றார். என் பாட்டி காலத்துப் புத்தகத்தைவிட இது மேலான கணக்கு. பேரங்காடியில் இதைவிட நல்ல பீட்சா கிடைக்கும்தான், ஆனாலும் என் கால் இங்கேதான் வருகிறது.

வித்தோரியோ டி சிகா 1954இல் எடுத்த ‘நேப்பிள்ஸின் தங்கம்’ படத்தில் ‘கடனுக்கு பீட்சா’ என்று ஒரு பகுதி உண்டு. சோபியா லோரனைப் பெரிய நட்சத்திரமாக்கிய பாத்திரங்களில் ஒன்று. அவளும் கணவனும் தெருவோரம் எண்ணெய்ச் சட்டியில் பீட்சா பொரித்து எட்டு நாள் கடனுக்கு விற்கிறார்கள். அவள் விரலில் இருந்த மரகத மோதிரம் காணோம். உண்மையில் அதைக் கள்ளக் காதலன் வீட்டில் விட்டு வந்திருக்கிறாள். மாவில் விழுந்திருக்கும் என்று கணவனிடம் சொல்லிவிடுகிறாள். அவன் அன்று காலை யார் யார் பீட்சா வாங்கினார்கள் என்று நினைவுபடுத்தி, அவளையும் இழுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போகிறான். அதில் ஒருவருக்கு அன்றுதான் மனைவி இறந்திருக்கிறாள். வீடு நிறைய ஆட்கள், அவர் மாடியிலிருந்து குதிக்கப் போவதாகக் கதறிக்கொண்டிருக்கிறார், ஆறுதல் சொல்வதா மோதிரத்தைக் கேட்பதா என்று இவர்கள் நிற்கிறார்கள். கடைசியில் கேட்டுவிடுகிறார்கள்.