க்ளென் கர்ட்டிஸ்: பைக்கை விட்டவர் கட்டிய சக்கர வீடு

பழைய ராணுவ லாரி ஒண்ணை ஏலத்துல எடுத்து, துருவைச் சுரண்டி, பின்னாடி ஒரு பெட்டி கட்டி, அதுக்குள்ள படுக்கை, அடுப்பு, தண்ணி டேங்க், கூரை மேல சோலார் தகடுன்னு எல்லாம் பொருத்திக்கிட்டு, கரண்டு கம்பியே போகாத இடங்களுக்குக் கிளம்பிப் போற ஆசாமிகளைப் பார்த்திருப்பீங்க. அதுல சிலரை விசாரிச்சா, ஒரு காலத்துல பைக்கே கதின்னு கிடந்தவங்களா இருப்பாங்க. முதுகும் முட்டியும் 'போதும்டா சாமி'ன்னு சொன்னதும் பைக்கை ஓரங்கட்டிட்டு, ஸ்பேனரை மட்டும் கையிலேயே வச்சிக்கிட்டவங்க.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு கொள்ளுத் தாத்தா உண்டு. பேரு க்ளென் கர்ட்டிஸ். இவர் லாரியை வீடாக்கலை, காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டைக் கட்டினார். ஆனா அதுல அவர் போட்ட முடிச்சும் அவிழ்த்த முடிச்சும் இன்னைய லாரிக்காரங்களுக்கும் அப்படியே பொருந்தும். விமான வரலாறு படிச்சவங்களுக்கு இவரைத் தெரிஞ்சிருக்கும், பெரும்பாலும் ரைட் சகோதரர்கள் கதையில வர்ற வில்லனா. நான் சொல்ல வந்தது அந்தக் கதையோட மிச்சத்தை.

1878-ல அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துல ஹேமண்ட்ஸ்போர்ட்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தார். திராட்சைத் தோட்டமும் ஒயினும்தான் ஊரோட பிழைப்பு. சின்ன வயசுலயே அப்பா போயிட்டார். படிப்பு எட்டாம் வகுப்போட சரி. (நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சிட்டு ஆபீஸ்ல ஆணி பிடுங்குற நம்மள மாதிரி ஆளுங்க இந்த இடத்துல கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கலாம் :-)) தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற சைக்கிள் பையன், சைக்கிள் பந்தய வீரர், அப்புறம் சைக்கிள் கடை முதலாளி. 1901 வாக்குல சைக்கிள்ல இன்ஜினை மாட்டிப் பார்க்கணும்னு ஆசை வந்தது. முதல் கார்புரேட்டருக்கு தக்காளி சூப் டப்பாவைப் பயன்படுத்தினார்னு அவர் வரலாற்றை எழுதினவங்க எல்லாரும் சொல்றாங்க. 1902-ல 'ஹெர்குலிஸ்'ங்கிற பேர்ல மோட்டார் சைக்கிள் விக்க ஆரம்பிச்சுட்டார்.

அவரோட சாமர்த்தியம் ஒண்ணே ஒண்ணுதான். எடை குறைவா, சக்தி அதிகமா இன்ஜின் செய்யறது. பைக்குக்கு அதுதானே வேணும்? வானத்துல பறக்கறதுக்கும் அதேதான் வேணும்! 1904-ல தாமஸ் பால்ட்வின்ங்கிறவர் தன்னோட ஆகாயக் கப்பலுக்கு கர்ட்டிஸோட பைக் இன்ஜினை வாங்கிப் பொருத்தினார். சைக்கிள் கடைக்காரர் வானத்துக்குப் போன கதை இதுதான்.

1907 ஜனவரி 24. புளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரை. விமானத்துக்காகச் செஞ்ச எட்டு சிலிண்டர், 40 குதிரைசக்தி இன்ஜினை ஒரு பைக்ல கட்டி, அது மேல படுத்தாப்புல உட்கார்ந்து கிளம்பினார். ஒரு மைல் தூரம் 26.4 வினாடி. அதாவது மணிக்கு 136.36 மைல், நம்ம கணக்குல சுமார் 219 கிலோமீட்டர். கியர் கிடையாது. பிரேக்கை பத்தி பேசவே வேணாம். திரும்பி வர்ற ஓட்டத்துல டிரைவ் ஷாஃப்ட் மூட்டு உடைஞ்சு போச்சு, மனுஷன் முழுசா இறங்கி வந்ததே அதிசயம். அதிகாரபூர்வமா பதிவாகாத சாதனைதான், ஆனாலும் 1930 வரைக்கும் எந்த பைக்கும் அந்த வேகத்தைத் தாண்டலை. பத்திரிகைகள் 'உலகத்துலயே வேகமான மனிதன்'னு எழுதினாங்க.

அதே வருஷம், டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஆரம்பிச்ச விமானச் சோதனைக் குழுவுல சேர்ந்தார். 1908 ஜூலை 4-ந் தேதி 'ஜூன் பக்'ங்கிற விமானத்துல, ஊர் ஜனங்க முன்னாடி ஒரு கிலோமீட்டருக்கு மேல பறந்து சயின்டிபிக் அமெரிக்கன் பத்திரிகையோட கோப்பையை வாங்கினார். 1909-ல பிரான்ஸ்ல ரேம்ஸ் நகர்ல நடந்த விமானப் பந்தயத்துல முதல் பரிசு. அமெரிக்காவுல 1911-ல விமானி லைசென்ஸ் கொடுத்தப்ப நம்பர் 1 கர்ட்டிஸுக்கு, ஆர்வில் ரைட்டுக்கு 4, வில்பருக்கு 5. உள்குத்து எல்லாம் இல்லீங்க, அகர வரிசைப்படி கொடுத்தாங்க. அவ்வளவுதான்!

இங்கதான் வம்பு ஆரம்பம். விமானம் பக்கவாட்டுல சாயாம சமாளிக்கிற நுட்பத்துக்கு ரைட் சகோதரர்கள் பேடன்ட் வாங்கி வச்சிருந்தாங்க. அவங்க இறக்கையையே முறுக்கினாங்க. கர்ட்டிஸ் இறக்கை ஓரத்துல தனியா அசையற மடல் வச்சார். 'இது வேற, அது வேற'ன்னு கர்ட்டிஸ். 'எப்படிச் செஞ்சாலும் எங்க ஐடியாதான்'னு ரைட். 1909-ல கேஸ் போட்டாங்க, 1914-ல மேல்முறையீட்டு நீதிமன்றமும் ரைட் பக்கம்தான் நின்னது. சாஃப்ட்வேர் பேடன்ட் சண்டைகளைப் பார்த்த நமக்கு இது புதுசே இல்லை. 1917-ல அமெரிக்கா முதல் உலகப் போர்ல இறங்கினதும், 'எல்லா பேடன்ட்டையும் ஒரே பானையில போடுங்க'ன்னு அரசாங்கம் அழுத்தம் கொடுத்த பிறகுதான் இந்த இழுபறி முடிஞ்சது. அந்தப் போர்க்காலத்துல கர்ட்டிஸோட 'ஜென்னி' பயிற்சி விமானங்கள் ஆயிரக்கணக்குல செய்யப்பட்டன.

1920-ல கம்பெனி நிர்வாகம் கைமாறினப்ப, தன் பங்குகளைக் காசாக்கிட்டு புளோரிடாவுல குடியேறிட்டார். வயசு 42தான். பைக்கும் முடிஞ்சது, விமானமும் ஏறக்குறைய முடிஞ்சது. அங்க போயும் சும்மா இருக்கலை. ஹயலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஒபா-லாக்கான்னு ஊர்களையே உருவாக்கினார். ஒபா-லாக்கா முழுக்க அரபுக் கதைகள் பாணியில கும்மட்டமும் மினாரும் வச்ச கட்டடங்கள். அலிபாபா அவென்யூன்னு இன்னைக்கும் அங்க ஒரு தெரு இருக்கு!

சரி, இப்ப மேட்டருக்கு வருவோம்.

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டுக்கு வேட்டைக்குப் போறது கர்ட்டிஸோட பெரிய பொழுதுபோக்கு. முட்டியளவு தண்ணி, முதலை, கொசு. லாட்ஜும் கிடையாது, கரண்டும் கிடையாது. அங்க தங்கறதுக்காக, அம்மா வழித் தம்பி கார்ல் ஆடம்ஸோட சேர்ந்து, கார் இழுத்துட்டுப் போற ஒரு குட்டி வீட்டைச் செஞ்சார். பேரு 'ஆடம்ஸ் மோட்டார் பங்களோ'. பந்தயத்துக்கு இல்லை, ராணுவத்துக்கு இல்லை, தனக்கும் தன் கூட்டாளிகளுக்கும் தூங்க ஒரு இடம் வேணும்னு செஞ்சது. அதையே பெருசாக்கி, 1920-களின் கடைசியில 'ஏரோகார்'ங்கிற பேர்ல விக்க ஆரம்பிச்சார்.

ஏரோகார்ல ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒண்ணு, உடம்பு. தச்சர் வீடு கட்டற மாதிரி கனமா கட்டலை. விமான உடல் மாதிரி, மெல்லிய மரச் சட்டங்களை இழுத்துக் கட்டின கம்பிகளால இறுக்கி, எடையைக் குறைச்சார். பைக்ல கத்துக்கிட்டது, விமானத்துல பயன்பட்டது, கடைசியில வீட்டுக்கு வந்துருச்சு.

ரெண்டாவது, இணைப்பு. சாதாரண டிரெய்லரை காரோட பின் பம்பர் பக்கத்துல மாட்டுவாங்க. அந்த இடம் பின் சக்கர அச்சுக்கு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கு. வேகமாப் போனா டிரெய்லர் ஆட, அந்த ஆட்டம் நெம்புகோல் மாதிரி காரோட வாலையும் பிடிச்சு ஆட்டும். கர்ட்டிஸ் என்ன செஞ்சார்னா, மாட்டற இடத்தை பின் அச்சுக்கு மேலேயே கொண்டு வந்தார். இப்ப கன்டெய்னர் லாரிகள்ல டிரெய்லர் உட்காரும் பாருங்க, அந்த ஃபிஃப்த் வீல் முறை. அதோட நிக்கலை. காரோட பின்பக்கத்துல ஒரு காத்தடிச்ச டயரைப் படுக்க வச்சு, வீட்டோட மூக்கு அதுல போய் உட்கார்ற மாதிரி அமைச்சார். ரோடு குலுக்கினா டயர் வாங்கிக்கும், வீட்டுக்குள்ள இருக்கற டம்ளர் கவிழாது.

பழைய லாரியை வீடாக்கறவங்க இன்னைக்கும் மண்டையை உடைச்சுக்கறது இதே சிக்கல்லதான். வீடு விறைப்பானது, ரோடு அப்படி இல்லை. கரடுமுரடான பாதையில லாரியோட சேஸிஸ் முறுக்கும். பெட்டியை அதுல நேரா போல்ட் போட்டு இறுக்கினா பெட்டி மூலையில விரிசல் விடும். அதனால மூணு இடத்துல மட்டும் தாங்கற மாதிரி, அசையக்கூடிய சட்டம் வச்சு உட்கார வைப்பாங்க. ஜெர்மன் ராணுவம் கழிச்ச யூனிமாக் லாரிகள்ல இதை நல்லாப் பார்க்கலாம். கர்ட்டிஸுக்கு டயர், இவங்களுக்கு மூணு புள்ளி. வீட்டை வண்டியோட பிடிவாதத்திலிருந்து பிரிச்சு வைக்கணுங்கறதுதான் ரெண்டுக்கும் அடிப்படை.

கார்ல வீட்டைக் கட்டி ஊர் சுத்தின முதல் ஆள் கர்ட்டிஸ் இல்லை. 1919-லயே புளோரிடாவின் டாம்பா நகர்ல 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'னு இந்த மாதிரிப் பயணிகள் சங்கமே ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா விமானக் கட்டுமானம் சக்கர வீட்டுக்குள்ள வந்ததுல கர்ட்டிஸ் முன்னோடி. அவருக்கப்புறம் 1934-ல ஹாலி பௌலஸ்ங்கிற கிளைடர் நிபுணர் அலுமினியத்துல பளபளன்னு ஒரு டிரெய்லர் கொண்டு வந்தார். ஏர்ஸ்ட்ரீம்னு இன்னைக்கும் ஓடுற வெள்ளி டப்பா அந்த வழியில வந்ததுதான்.

முடிவு கொஞ்சம் மனசைப் பிசையும். 1929-ல கர்ட்டிஸ் கம்பெனியும் ரைட் கம்பெனியும் ஒண்ணாகி 'கர்ட்டிஸ்-ரைட்' ஆச்சு. வருஷக்கணக்கா கோர்ட்ல முட்டிக்கிட்ட ரெண்டு பேரும் ஒரே பெயர்ப்பலகையில. நம்ம பெங்களூர் ஹெச்.ஏ.எல். தன் ஆரம்ப நாட்கள்ல, 1942-ல பூட்டிப் பறக்கவிட்ட போர் விமானம் கர்ட்டிஸ் ஹாக், அந்தக் கம்பெனி சரக்குதான். ஆனா அதைப் பார்க்க கர்ட்டிஸ் இல்லை. 1930-ல, பழைய கூட்டாளி ஆகஸ்டஸ் ஹெர்ரிங் எப்பவோ தொடுத்த வழக்குக்காக ராசெஸ்டர் கோர்ட்டுக்கு வந்தவருக்கு அங்கயே குடல்வால் வலி. பஃபலோ நகர ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடந்தது. அதோட சிக்கல்ல ஜூலை 23-ந் தேதி இறந்துட்டார். வயசு 52. கோர்ட் கடைசி வரைக்கும் அவரை விடவே இல்லை.

அந்த எட்டு சிலிண்டர் பைக் இப்ப ஸ்மித்சோனியன்கிட்ட இருக்கு, ரைட் விமானம் இருக்கற அதே நிறுவனத்துல. யார் முதல்ல, யார் பெரியவர்னு அடிச்சுக்கிட்டதெல்லாம் அங்க கண்ணாடிக்குப் பின்னாடி பத்திரமா நிக்குது. யாரையும் ஜெயிக்கறதுக்காகச் செய்யாத அந்த வேட்டைக்கார வீட்டோட வாரிசுகள் மட்டும் இன்னும் ரோட்டுல ஓடிக்கிட்டு இருக்கு. ஓட்டறவங்கள்ல பாதிப் பேருக்கு அவர் பேர் தெரியாது. என்னைக் கேட்டா, அவர் வாழ்க்கையில போட்டியே இல்லாம கிடைச்ச ஒரே வெற்றி அதுதான்.

உங்க ஊர்ப் பக்கம் பழைய லாரியையோ வேனையோ வீடாக்கினவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. பெட்டியை எப்படி உட்கார வச்சாங்கன்னு கேட்டுச் சொன்னா இன்னும் சந்தோஷம் :-)