சிறுதானியத் தோசை

சிறுதானியத் தோசை என்பது தினை, சாமை, வரகு போன்றவற்றை உளுந்துடன் அரைத்துப் புளிக்கவைத்துச் சுடப்படும் உணவு. சங்க இலக்கியத்தில் தினை குறிஞ்சி மக்களின் உணவாகவும், வரகும் சாமையும் முல்லை மக்களின் உணவாகவும் கூறப்படுகின்றன.

மானாவாரி ஊர்களில் இவை சோறாகவும் கூழாகவும் அன்றாடம் உண்ணப்பட்டன. அரிசித் தோசையோ பண்டிகைப் பலகாரம். 1960களில் தொடங்கிய பசுமைப் புரட்சிக்குப் பின் நெல் பெருகியது. நியாயவிலைக் கடை அரிசியும் வந்தது. சிறுதானியங்கள் அடுப்படியை விட்டு அகன்றன.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நார்ச்சத்து மிகுந்த காலை உணவாக இன்று இவை தோசைக்கல்லுக்கு வந்துள்ளன. நான்கு பங்கு தானியம், ஒரு பங்கு உளுந்து, சிறிது வெந்தயம் ஊறவைத்து அரைத்து, ஓரிரவு புளித்த மாவை நன்கு காய்ந்த கல்லில் மெல்லியதாக வார்த்தால் தோசை மொறுமொறுப்பாகும். ஏழை உழவரின் அன்றாடத் தானியம், அவர் பண்டிகைக்குக் காத்திருந்த பலகாரத்தின் வடிவிலேயே திரும்பியுள்ளது.